பதினெட்டுப் பேரில் நாலு பேர்

1

இந்த நாட்டில் எந்தப் படிவமானாலும் கையெழுத்துக்கு மேலே, கைப்பட, 'படித்தேன், ஏற்கிறேன்' என்று எழுதச் சொல்வார்கள். வாடகை ஒப்பந்தம், பள்ளிச் சுற்றுலா, பல் மருத்துவர் எல்லாவற்றுக்கும் இதுதான். ஏழு வருஷமாக நான் படிக்காமலே எழுதிக் கொடுத்து வந்திருக்கிறேன். ஆரம்பத்தில் பிரெஞ்சு படிக்கத் தெரியாது. தெரிந்த பிறகு பழக்கம் விடவில்லை.

2012 பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பள்ளி கேன்டீனில் வேலை முடித்து வீட்டுக்கு வந்தபோது மேஜைமேல் கிடந்த ஒரு படிவத்தை மட்டும் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, அகராதியை வைத்துக்கொண்டு முழுக்கப் படித்தேன். என் மகன் இளமாறன் வைத்துவிட்டுப் போயிருந்தான். பதினேழு வயசு அவனுக்கு. பதினெட்டு நிரம்பாத இந்தப் பையன் பெரியவர்களின் அணியில் ரக்பி ஆடச் சம்மதிக்கிறோம், கழுத்தையும் முதுகெலும்பையும் மருத்துவர் பார்த்துவிட்டார் என்று இருந்தது. மருத்துவர் முத்திரை குத்தியாகிவிட்டது. என் கையெழுத்துதான் பாக்கி.

என் கணவர் பார்த்துவிட்டு, "புள்ள ஆசப்படுறான். போட்டுக் குடேன்" என்றார். நானும் பேனாவை எடுத்தேன். எடுத்ததும் சிதம்பரம் ஞாபகம் வந்துவிட்டது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

நாங்கள் இருப்பது பிரான்சின் தென்மேற்கில் ஒரு சின்ன ஊர். கணவர் புதுச்சேரிக்காரர். அவர் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் என்பதால் இவருக்குக் குடியுரிமை கிடைத்து, முதலில் தனியாக வந்தார். நானும் மாறனும் 2005இல் வந்து சேர்ந்தோம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்பதை இங்கே எந்த அலுவலகத்துக்கும் புரியவைக்க முடியவில்லை. கடைசியில் என் அப்பா பெயரையே குடும்பப் பெயராக எழுதிவிட்டார்கள். செத்துப்போன மனிதரின் பெயரை மருத்துவமனை வராந்தாவில் உரக்கக் கூப்பிடும்போது எழுந்து போவது நான்தான்.

ஊரில் நான் உடற்கல்வி ஆசிரியை, பசங்களின் பாஷையில் பி.டி. மிஸ். அண்ணாமலை நகரில் படித்து வாங்கிய பட்டத்தை மொழிபெயர்த்து, முத்திரை வாங்கி, மூன்று அலுவலகங்களுக்கு அனுப்பிப் பார்த்தேன். கடைசியாகப் பார்த்த அம்மாள் நல்லவர். என் தாள்களை அழகாக அடுக்கித் திருப்பிக் கொடுத்து, பள்ளிக் கேன்டீனில் ஆள் எடுக்கிறார்கள் என்று சொன்னார்.

மாறனின் வகுப்பாசிரியைதான் அவனை ரக்பிக்கு அனுப்பச் சொன்னார். அங்கே பாஷை தானாக வரும் என்றார். இங்கே புதன்கிழமை மதியம் பள்ளி கிடையாது. ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அப்போது மைதானத்தில்தான். ரக்பி உங்களில் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். முட்டை வடிவப் பந்து, பக்கத்துக்குப் பதினைந்து பேர். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு எதிராளியின் கடைசிக் கோடுவரை ஓட வேண்டும். ஓடுகிறவனைப் பிடித்துக் கீழே தள்ளலாம். வேலி ஓரமாக நின்று முதல்முறை பார்த்தபோது, யாரோ கபடிக்கு நடுவில் பந்தைப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன்.

எட்டு வயசுப் பிள்ளைகள் பயந்துகொண்டே மார்பில் போய் மோதுவதைப் பார்த்து, ஒருநாள் பொறுக்காமல் உள்ளே போய், குனிந்து முழங்காலுக்குக் கீழே பிடிப்பது எப்படி என்று செய்து காட்டினேன். அடுத்த வாரமும் வரச் சொன்னார்கள். அப்படியே புதன்கிழமைப் பிள்ளைகளுக்கு உதவியாளராகி, மூன்று வருஷம் கழித்துக் கிளப்பின் நிர்வாகக் குழுவில் இளையோர் சார்பாக ஒரு நாற்காலியும் கிடைத்தது.

குழுவில் சேர்ந்த புதிதில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஆளைப் பிடித்துக் கீழே தள்ளுவதற்கு இங்கே 'பிளாக்கே' என்று ஒரு வார்த்தை. ஒரு விருந்தில், கல்லூரியில் நான் கபடி எப்படி ஆடுவேன் என்று கேட்டார்கள். ஒரே வருஷத்தில் நாற்பது பேரை பிளாக்கே செய்திருக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். மேஜையே சிரித்தது. காதலித்தவரைக் கைவிடுவதற்கும் அதே வார்த்தைதான் என்று பிறகு மாறன் சொன்னான். தலைவர் ழெரார், ஊரில் ரொட்டிக் கடை வைத்திருப்பவர், இன்றைக்கும் என் கணவரைப் பார்த்தால் கையைக் குலுக்கி ஆறுதல் சொல்கிறார்.

3

எங்கள் கிளப் பெரிய கிளப் இல்லை. பெரியவர்களின் முதல் அணி அந்த வருஷம் கடைசிக்கு முந்தின இடத்தில் இருந்தது. கடைசி இரண்டு இடத்தில் முடித்தால் கீழ்ப் பிரிவுக்கு இறக்கிவிடுவார்கள். பாக்கி ஐந்து ஆட்டம். அடிபட்டும் வேலை கிடைத்து வெளியூர் போயும் ஆட்கள் குறைந்துவிட்டார்கள். முதல் அணியின் பயிற்சியாளர் தியெரி, இளையோர் அணியிலிருந்து நாலு பேரை மேலே எடுத்துக்கொள்கிறேன் என்றார். அதில் ஒருவன் மாறன்.

இளையோர் அணியில் மொத்தமே பதினெட்டுப் பேர். நாலு பேரை எடுத்தால் மிச்சம் பதினாலு. பதினைந்து பேர் இல்லாமல் அணியைத் தொடர்ந்து நடத்த முடியாது. கலைத்துவிட்டு, மிச்சப் பையன்களை அடுத்த ஊர்க் கிளப்புக்கு அனுப்ப வேண்டியதுதான். அங்கே அவர்களுக்கு ஆட இடம் கிடைக்குமா என்று யாருக்கும் தெரியாது.

படிவம் வந்த மறுநாள் ழெரார் கடையை மூடிவிட்டு, கையில் இரண்டு ரொட்டியோடு வீட்டுக்கு வந்தார். வெள்ளிக்கிழமை குழுவில் ஓட்டெடுப்பு, நீ தியெரி பக்கம் நிற்பாய் என்று நம்புகிறேன் என்றார். அவருக்கு அந்தக் கிளப் அப்பாவிடமிருந்து வந்தது. கீழ்ப் பிரிவுக்கு இறங்கின தலைவர் என்று பெயர் எடுக்க அவருக்கு மனசில்லை. அதை அவர் மறைக்கவும் இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மாறன் மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவர் போனதும் பிரெஞ்சில், "இதில் யோசிக்க என்ன இருக்கிறது?" என்று கேட்டான். அவன் என்னோடு தமிழில் பேசுவது வரவரக் குறைந்துவிட்டது. பசி, காய்ச்சல், இரண்டுக்கு மட்டும்தான் தமிழ்.

4

2004இல் சிதம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் வேலை பார்த்தேன். இரண்டு கபடி அணி வைத்திருந்தேன். சீனியரில் பத்துப் பேர், ஜூனியரில் பன்னிரண்டு பேர். ஜூனியர் பிள்ளைகளில் பாதிப் பேர் குமராட்சிப் பக்கத்து ஊர்களிலிருந்து மினிபஸ்ஸில் வருகிறவர்கள். ஒரே மைதானம். பள்ளி விட்டதும் ஒரு மணி நேரம். திங்கள், புதன் ஒரு அணிக்கு. செவ்வாய், வியாழன் இன்னொன்றுக்கு.

அந்த வருஷம் சீனியரில் மூன்று பேர் நின்றுவிட்டார்கள். ஒருத்திக்குக் கல்யாணம், இரண்டு பேருக்கு டியூஷன். அதே சமயம், கடலூரில் நடக்கிற மாவட்டப் போட்டிக்கு நாங்கள் தகுதியாகிவிட்டோம். இத்தனை வருஷத்தில் இந்தப் பள்ளிக்கு ஒரு கப்புகூட இல்லை என்றார் தலைமையாசிரியை. அவர் வற்புறுத்தினார் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். எனக்கும் கப்பு வேண்டும். வெறியாகவே வேண்டும்.

ஜூனியரில் நல்லா ஆடுகிற நாலு பேரை மேலே ஏற்றினேன். மிச்சம் எட்டுப் பேர். கபடிக்கு ஏழு பேர் போதும். ஜூனியர் அணியைத் தொடர்ந்து நடத்தியிருக்கலாம். ஆனால் வாரத்தில் நாலு நாளும் சீனியருக்கே வேண்டியிருந்தது. ஜூனியர் பிள்ளைகளிடம் அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன். அடுத்த வாரம் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கடுத்த வாரம் அவர்கள் வரவில்லை. அப்பாடா என்று இருந்தது எனக்கு. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

கடலூரில் ஜெயித்தோம். நான் மேலே ஏற்றிய சத்யா என்ற பிள்ளை கடைசி நிமிஷத்தில் எதிரணியின் கேப்டனைக் கணுக்காலில் பிடித்து நிறுத்தினாள். திரும்பும் வழியில் பஸ்ஸில் பாடிக்கொண்டே வந்தோம். குறிஞ்சிப்பாடியில் இருக்கும் என் அக்காவுக்குப் போன் போட்டுக் கத்தினேன். கப்பு தலைமையாசிரியை அறையில் ஏறியது. அடுத்த ஏப்ரலில் சீனியர் பிள்ளைகள் பள்ளி முடித்துப் போனார்கள். கீழே அணி என்று ஒன்று இல்லை. ஆகஸ்டில் எனக்கு விசா வந்துவிட்டது.

5

ழெரார் வந்து போன பிறகு எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் தெரிய வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளைகள் என்ன ஆனார்கள்? எட்டு வருஷத்தில் ஒருமுறைகூட இதை நான் கேட்டுக்கொண்டதில்லை என்பதே ஆச்சரியமாக இருந்தது.

குறிஞ்சிப்பாடியில் அக்கா கணவர் செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறார். அவரைக் கூப்பிட்டு, மாமா, இந்தப் பேரில் இரண்டு பேர் நம்பர் வேண்டும் என்றேன். டிசம்பர் கடைசியில் அடித்த புயலில் டவர் எல்லாம் விழுந்து, அவருக்கே இப்போதுதான் கடை ஓடுகிறதாம். "கபடி ஆடுன பசங்களா? எட்டு வருஷம் கழிச்சி எதுக்கும்மா?" என்று கேட்டார். ஆனாலும் யார் யாரிடமோ விசாரித்து, மறுநாளே இரண்டு நம்பரும் அனுப்பிவிட்டார்.

முதலில் சத்யா. கடலூரில் போலீஸ் வேலை. குரலே மாறிப்போய், அதட்டலாக இருந்தது. நான் யாரென்று தெரிந்ததும் குழைந்துவிட்டாள். "நீங்க மட்டும் அன்னிக்கி என்ன மேல ஏத்தலன்னா, நான் இந்நேரம் எங்க கெடந்துருப்பனோ மிஸ். ஸ்போர்ட்ஸ் கோட்டாவுலதான் வேலையே கெடச்சிது" என்றாள். எனக்கு நிம்மதியாகிவிட்டது. ஜூனியர்லயே இருந்தார்களே உன் கூட்டாளிகள், அவர்களோடு தொடர்பு உண்டா என்று கேட்டேன்.

"எந்தப் பசங்க மிஸ்? எனக்கு அவுங்க ஞாபகமே இல்லியே."

அடுத்தது கௌரி. அந்த எட்டுப் பேரில் ஒருத்தி. குமராட்சிப் பிள்ளை. இப்போது சிதம்பரத்தில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை, கல்யாணமாகி ஒரு குழந்தையும் இருக்கிறது. சாப்பாட்டு நேரத்தில் பேசினாள். முதலில் எந்த மிஸ் என்று கேட்டாள். சொன்னேன்.

"ஞாபகம் இருக்கு மிஸ். நாங்க பதினோரு நாளு வந்தோம்" என்றாள்.

நான் இரண்டு வாரம் என்று நினைத்திருந்தேன். அவள் நாளைச் சொன்னாள். ஸ்கூல் விட்டதும் சுவர் ஓரமாகப் பையை வைத்துவிட்டு, எட்டுப் பேரும் உட்கார்ந்திருப்பார்களாம். நான் கூப்பிடுவேன் என்று. ஐந்தேமுக்கால் மினிபஸ்ஸை விட்டால் அடுத்தது ஏழு மணிக்கு. அப்படியும் இரண்டு நாள் விட்டிருக்கிறார்கள். சுவர் ஓரத்தில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தது எனக்கு ஞாபகம் இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

என்மேல் கோபமா என்று கேட்டேன்.

"கோவம்லாம் இல்ல மிஸ். நம்மகிட்ட என்னா கொறன்னு யோசிச்சிகினே இருந்தேன். அதான் கொஞ்சம் ஜாஸ்தி நாளு."

பிறகு, இப்போ எதுக்கு இதையெல்லாம் கேட்கிறீங்க என்றாள். ரக்பி, படிவம், ஓட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கு ஆர்வம் வந்துவிட்டது. பெண்களும் ஆடுவார்களா, ஆடும்போது மழை பெய்தால் என்ன செய்வார்கள் என்றெல்லாம் கேட்டாள். கடைசியில், "உங்க பையன் எந்தப் பக்கம் மிஸ்? ஏத்துற பக்கமா, உக்கார வெக்கிற பக்கமா?" என்றாள்.

ஏற்றுகிற பக்கம் என்றேன்.

"அப்ப உங்க பாடு கஷ்டந்தான்" என்று சொல்லி, கடையில் கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிட்டாள்.

6

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் ஒன்பது பேர். சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். என் யோசனை எளிதானதுதான். நாலு பேரையும் ஒரேயடியாக எடுக்க வேண்டாம். வாரம் இரண்டு பேர், மாற்றி மாற்றி. அப்போது கீழே பதினாறு பேர் எப்போதும் இருப்பார்கள், அணி கலையாது. முன்வரிசையில் முட்டித் தள்ளுகிற இரண்டு பையன்கள் முதல் ஜோடி, ஏனென்றால் அந்த இடத்துக்குத்தான் ஆள் ரொம்பக் குறைவு. மாறனும் இன்னொருவனும் இரண்டாவது ஜோடி. ஐந்து ஆட்டத்தில் முதல் ஜோடிக்கு மூன்று, இவர்களுக்கு இரண்டு.

தியெரி பொறுமையாகத்தான் பதில் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை அவர். முதல் அணி கீழே இறங்கினால் நல்ல பையன்கள் தாமாகவே பெரிய கிளப்புக்குப் போய்விடுவார்கள், அப்போது யாருக்காக இந்த இளையோர் அணியைக் காப்பாற்றுகிறோம் என்று கேட்டார். அப்படி நடக்கலாம் என்று ஒப்புக்கொண்டேன். பிறகு, ஒரு பள்ளியில் எட்டுப் பிள்ளைகள் சுவர் ஓரமாகப் பதினோரு நாள் உட்கார்ந்திருந்த கதையைச் சொன்னேன். என் பிரெஞ்சில் ஆண்பால் பெண்பால் எல்லாம் தாறுமாறாகப் போயிற்று. யாரும் சிரிக்கவில்லை. ஐந்துக்கு நாலு என்று என் யோசனை தேறியது. ழெரார் எதிராக ஓட்டுப் போட்டார். அன்றிரவு மாறனின் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு முன்னால் உடைமாற்றும் அறை வாசலில் நின்று, பதினெட்டுப் பேரிடமும் நானே சொன்னேன். யார் எந்த வாரம் போகிறார்கள், ஏன் அவர்கள், மற்றவர்கள் ஏன் இப்போது இல்லை, அணி கலையாது. ஒரு பையன், இனிமேல் செவ்வாய்க்கிழமை எங்களுக்குப் பயிற்சி தர யாரும் வராமல் போய்விடுவார்களா என்று கேட்டான். நான் வருவேன் என்றேன். மாறன் என்னைப் பார்க்கவே இல்லை. வீட்டில் ஒரு வாரம் அவனும் நானும் உப்பு, தண்ணீர் தவிர வேறு பேசவில்லை. ஒருநாள் மட்டும் தட்டை நகர்த்திவிட்டு, "வேற யாரோட அம்மாவாவது இப்படிப் பண்ணுவாங்களா?" என்றான், தமிழிலேயே. தமிழில் கேட்டதால் ரொம்ப வலித்தது.

மாறன் ஆடிய இரண்டு ஆட்டத்திலும் ஜெயித்தோம். இரண்டாவதில் கோட்டோரமாக அவன் ஓடினதை ரொட்டிக் கடை வரிசையில் வெகு நாள் பேசினார்கள். கடைசி ஆட்டம் அவன் முறை இல்லை. அன்றைக்கு ஜெயித்திருந்தால் பிழைத்திருப்போம். கம்பங்களுக்கு நடுவே எதிரணி பந்தை உதைத்த ஒரே ஒரு உதையில், இரண்டு புள்ளியில் தோற்றோம். கீழ்ப் பிரிவு. அவன் வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ஆடியிருந்தால் என்று ஊரே சொல்லிற்று. நானும் நினைத்துக்கொண்டேன். ழெரார் இரண்டு வாரம் ரொட்டியைக் கொடுத்துவிட்டு மிச்சக் காசை மேஜைமேல் வைத்தார், கையில் தரவில்லை. மூன்றாவது வாரம், சனிக்கிழமை இளையோர் ஆட்டத்துக்கு ஒரு கூடை ரொட்டியோடு வந்து வேலி ஓரம் நின்றார். பையன்கள் பதினெட்டுப் பேரும் இருந்தார்கள்.

7

தியெரி சொன்னது எங்கள் வீட்டிலேயே பலித்தது. ஜூனில் அவர் பக்கத்து நகரத்துப் பெரிய கிளப்புக்குப் பயிற்சியாளராகப் போனார். மாறனையும் கூப்பிட்டார். அங்கேயே விடுதி, பள்ளிக்கூடம் எல்லாம் உண்டு. சனி ஞாயிறு ஆட்டம் இருந்தால் வீட்டுக்கு வர முடியாது.

முடியாது என்று சொல்ல எனக்கு ஆயிரம் காரணம் இருந்தது. நான் காப்பாற்றின அணியை விட்டு என் மகனே முதலில் போகிறான் என்று ஊர் சொல்லும் என்பதும் அதில் ஒன்று. ஆனால் கடலூரில் அதட்டலாகப் பேசும் சத்யாவின் குரலும் காதில் இருந்தது. மேலே போக வேண்டியவர்கள் போகத்தான் வேண்டும். கணவர் முகத்தைப் பார்த்தேன். உன் இஷ்டம் என்பதுபோல் தலையை ஆட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

மாறன் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். பிறகு தமிழில், "அம்மா, கிரவுண்டு வரைக்கும் கொண்டுபோய் விடுறியா? பசங்க இருப்பாங்க" என்றான்.

கூட்டிக்கொண்டு போனேன். காரை வேலிக்கு வெளியே நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பையன்கள் புல்லில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். அவன் போய் நின்றான். உட்காரவில்லை. கையை அசைத்து அசைத்து ஏதோ சொன்னான். என்ன சொல்கிறான், எந்த வார்த்தையில் ஆரம்பித்தான் என்று தெரிந்துகொள்ள எனக்கு அவ்வளவு ஆசை. கண்ணாடியை இறக்கினேன். ஒன்றும் கேட்கவில்லை. ஒருவன் எழுந்து அவன் தோளில் குத்தினான். இன்னொருவன் எழுந்து வேறு பக்கம் நடந்து போனான். மாறன் அவன் பின்னாலேயே போய், வெகுநேரம் பேசிக்கொண்டு நின்றான்.

முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, பெல்ட்டை மாட்டிக்கொண்டான். கண் சிவந்திருந்தது. என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

"நான் போறது அவங்களுக்கு முன்னாடியே தெரியும்மா" என்றான். "தியெரி யார்கிட்டயோ சொல்லியிருக்கார். ஒரு வாரமா தெரியும்."

"அப்புறம்?"

"நான் வந்து சொல்றனா இல்லியான்னு பாத்துட்டு இருந்தாங்களாம்."

நான் காரை எடுத்தேன்.